நாற்பத்து மூன்று லட்சத்து இருபதாயிரம்: சங்கல்பத்துக்குப் பின்னால் நிற்கும் எண்

திருச்சிற்றம்பலம்.

இது கொஞ்சம் நீளமான பதிவுங்க. ஒரே மூச்சில் படிக்க முடியலேன்னா பாதி இன்னைக்கு, பாதி நாளைக்கு என்று படிங்க. பக்கத்துல போன் கால்குலேட்டரைத் திறந்து வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. வீட்டுல பிள்ளைகள் இருந்தா கூட உட்கார வச்சுக்குங்க. அவங்க பள்ளிக்கூடத்துல படிக்கிற கணக்குதான் இதுல வருது.

அர்ச்சனைக்கு நிற்கும்போது குருக்கள் முதலில் சங்கல்பம் சொல்வார். அதில் இப்போது நடப்பது கலியுகம், அதிலும் முதல் பாதம் என்று வரும். பிறகு வருஷம், மாசம், திதி, நட்சத்திரம். அதற்கப்புறம்தான் நம்ம பேர், நம்ம வேண்டுதல். கடிதம் எழுதும்போது மேலே தேதியும் ஊரும் போடுகிறோம் இல்லையா, அது மாதிரி சுவாமியிடம் நாம் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறோம். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு பெரிய எண் நிற்கிறது: 43,20,000. நான்கு யுகமும் சேர்ந்த மகாயுகத்தின் வருஷக் கணக்கு. இங்கே நம் பிள்ளைகள் 4.32 மில்லியன் என்று படிப்பார்கள்.

இந்த எண்ணைப் பற்றி நம்ம நடுவில் இரண்டு விதமாகப் பேச்சு நடக்குது. ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில், உலக விஞ்ஞானிகளே மிரண்டு போன எண், இதில் எல்லா ரகசியமும் அடங்கியிருக்கு என்று செய்தி வருது. இன்னொரு பக்கம், காலேஜ் போற பிள்ளைகள், சும்மா பெரிசா தெரியணும்னு யாரோ போட்ட எண் என்று சிரிக்கிறாங்க. இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: யாரும் அந்த எண்ணை எடுத்து ஒரு தடவைகூட வகுத்துப் பார்ப்பதில்லை. நாங்கள் பெரிய படிப்பு படித்தவங்க இல்லை. ஆனா ஃபேக்டரியில் அளவு, கணக்கு, இயந்திரம் என்று முப்பது வருஷம் ஓட்டினவங்க எங்களில் உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த எண் மந்திரமும் இல்லை, வெறும் பெருமைப் பேச்சும் இல்லை. நம்ம முன்னோர்கள் தினமும் வேலைக்கு எடுத்த கருவி. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

முதலில் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்.

கிருத யுகம் 17,28,000. திரேதா யுகம் 12,96,000. துவாபர யுகம் 8,64,000. கலியுகம் 4,32,000. கலியை ஒரு பங்கு என்று வைத்தால் துவாபரம் இரண்டு பங்கு, திரேதா மூன்று, கிருதம் நான்கு. நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றும் கூட்டினால் பத்து. கலியைப் பத்தால் பெருக்கினால் மகாயுகம். மனுஸ்மிருதியும் மகாபாரதமும் இதையே 12,000 வருஷம் என்று சொல்கின்றன. அதைத் தேவ வருஷமாகக் கொண்டு, ஒரு தேவ வருஷத்துக்கு மனுஷக் கணக்கில் 360 வருஷம் என்று பெருக்கினால் அதே 43,20,000 வரும்.

கலியின் 4,32,000-ஐ நாலாக வகுத்தால் ஒரு பாதம் 1,08,000 வருஷம். கலி பிறந்து இன்னும் 5,200 வருஷம்கூட ஆகவில்லை. அதனால்தான் குருக்கள் முதல் பாதம் என்கிறார்.

இப்போ பிள்ளைகளைக் கேளுங்க, இந்த எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்கச் சொல்லி. 2-ஐ எட்டுத் தடவை, 3-ஐ மூன்று தடவை, 5-ஐ நான்கு தடவை எடுத்துப் பெருக்கினால் 43,20,000. வேறு எந்தப் பகா எண்ணும் உள்ளே கிடையாது. இப்படிப்பட்ட எண்ணுக்கு வகுத்திகள் எத்தனை என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கணும்: ஒன்பது, நான்கு, ஐந்து. ஆக 180. அதாவது 180 வெவ்வேறு எண்கள் இதை மீதி இல்லாமல் வகுக்கும். பார்வைக்கு இன்னும் முழுசாத் தெரியும் 50,00,000-க்கு வகுத்திகள் 56 மட்டும்தான். அதை மூன்றால் வகுத்தாலே மீதி வந்துவிடும்.

இந்த 180 பேரில் யார் யார் இருக்காங்க பாருங்க. 12 இருக்கு, மாசத்துக்கு. 27 இருக்கு, நட்சத்திரத்துக்கு. 30 இருக்கு, திதிக்கு. 60 இருக்கு, நாழிகைக்கும் பிரபவ முதல் அட்சய வரை வருஷப் பேருக்கும். 360 இருக்கு, வட்டத்தின் பாகைக்கு. பஞ்சாங்கம் போடுகிறவருக்கு எதெதால் வகுக்க வேண்டி வருமோ, அத்தனையாலும் இது சிந்தாமல் சிதறாமல் வகுபடும். காலத்தை 60, 60 ஆகப் பிரித்து எண்ணுகிறவர்களுக்கு இது வீட்டு எண் மாதிரி. பாபிலோன் நாட்டுப் பூசாரி பெரோசஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பிரளயத்துக்கு முன்னால் ஆண்ட ராஜாக்களின் மொத்தக் காலம் 4,32,000 வருஷம் என்று எழுதிவைத்தார். நம்ம கலியுக எண்ணேதான். அவர்களும் 60-ஆல் எண்ணியவர்கள். 60-ஐ மூன்று முறை பெருக்கி இரட்டித்தால் 4,32,000.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனசு விட்டுச் சொல்லணும். இத்தனை எண்களால் வகுபடும் ஒரு எண், பார்க்கிற இடத்தில் எல்லாம் பொருந்தத்தான் செய்யும். சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஆணிகள் 72,000 என்று கோயில் மரபு. ஒரு நாளில் நாம் விடும் மூச்சு, உடம்பில் ஓடும் நாடி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 21,600-ஐ 200-ஆல் பெருக்குங்க, 43,20,000. 72,000-ஐ 60-ஆல் பெருக்குங்க, மறுபடியும் 43,20,000. கேட்க ரொம்ப இனிமையா இருக்கு. எங்களுக்கும் முதல் தடவை பெருக்கிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனா 21,600-ம் 72,000-ம் அதே 2, 3, 5 மட்டும் வைத்துக் கட்டின எண்கள். ஒரே செங்கல்லில் கட்டின இரண்டு சுவர் அளவில் ஒத்துப்போவது அதிசயம் இல்லை. திரேதா யுகத்தின் 12,96,000, வட்டத்தில் உள்ள விகலைகளின் எண்ணிக்கையும்தான், 360 தடவை 60 தடவை 60. இதை ஒரு ரகசியக் குறியீடு என்று செய்தி அனுப்பினால், கணக்குத் தெரிந்த பிள்ளை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிடும். அதோடு அந்தப் பிள்ளை நாம் சொல்லும் மற்றதையும் நம்பாமல் போய்விடும். எங்களுக்கு இருக்கும் கவலை அதுதாங்க.

அப்போ உண்மையான அதிசயம் எங்கே? இந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்.

எங்க வேலையிலிருந்து ஒரு உதாரணம். 24 பல் உள்ள ஒரு சக்கரமும் 40 பல் உள்ள ஒரு சக்கரமும் ஒன்றோடொன்று கோர்த்து ஓடுது. இரண்டும் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டு ஓடவிட்டால், அந்த இரண்டு குறியும் மறுபடி எப்போ சந்திக்கும்? சின்னச் சக்கரம் ஐந்து சுற்று, பெரிய சக்கரம் மூன்று சுற்று முடிந்த பிறகு. 120 பல் தாண்டணும். பிள்ளைகள் இதை மீச்சிறு பொது மடங்கு என்பார்கள். இப்போ சக்கரத்துக்குப் பதிலா சூரியன், சந்திரன், செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துக்கொள்ளுங்க. எல்லாக் குறியும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்கிற காலம்தான், வானக் கணக்குக்காரர்களுக்கு யுகம். புராணம் தந்த 43,20,000 என்ற அந்த வழவழப்பான எண்ணை அவர்கள் அச்சாணியாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்தவர்களில் நமக்கு முக்கியமானவர் ஆரியபட்டர். கலி பிறந்து 3,600 வருஷம் முடிந்தபோது தனக்கு வயசு 23 என்று அவரே ஆரியபட்டீயத்தில் சொல்கிறார். அது கி.பி. 499. 43,20,000 என்ற எண்ணை அவர் எழுத்தால் எழுதிய விதமே தனி: மூன்று மெய்யெழுத்து, இரண்டு உயிர், மொத்தம் இரண்டே அசை. ஒரு மெய் 20,000, அடுத்தது 3,00,000, மூன்றாவது 40,00,000. கூட்டிப் பாருங்க, சரியா வரும்.

ஒரு மகாயுகத்தில் யார் எத்தனை சுற்று என்று அவர் பட்டியல் போடுகிறார். சூரியன் 43,20,000. சந்திரன் 5,77,53,336. செவ்வாய் 22,96,824. வியாழன் 3,64,224. சனி 1,46,564. பூமி தன்னைத்தானே சுற்றுவது 158,22,37,500. ஆமாங்க, பூமி சுழல்கிறது என்று அவர் அப்பவே கணக்கு வைத்தார்.

இந்தப் பட்டியலில் பின்னமே கிடையாது, எல்லாம் முழு எண். தசமப் புள்ளி புழக்கத்தில் இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசிச்சுப் பாருங்க. சந்திரன் ஒரு வருஷத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டால் பதில் பின்னமாக இழுத்துக்கொண்டே போகும். 43,20,000 வருஷத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஒரே முழு எண்ணில் முடிந்துவிடும். எண் பெரிசாக இருப்பது பயமுறுத்த இல்லை, பின்னத்தை விழுங்கத்தான்.

இன்னொன்றும் கவனிங்க. செவ்வாய், வியாழன், சனி, சந்திரன் எண்கள் எல்லாத்தையும் நாலால் வகுத்துப் பாருங்க. ஒன்றிலும் மீதி வராது. காரணம், ஆரியபட்டர் மகாயுகத்தை 10,80,000 வருஷம் கொண்ட நாலு சமக் கூறாகப் பிரித்தார். ஒவ்வொரு கூறு தொடங்கும்போதும் எல்லாக் கிரகமும் மேஷத் தொடக்கத்தில் நிற்பதாக வைத்தார். அதற்காக எண்களைச் சீர்செய்து அமைத்திருக்கிறார். புராணத்தின் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற பங்கீட்டை விட்டு இப்படிச் சமமாகப் பிரித்ததற்காக, கி.பி. 628-ல் நூல் எழுதிய பிரம்மகுப்தர் அவரைக் கண்டித்தார். பெரியவர்கள் அப்போதே ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுத்தான் வந்திருக்காங்க.

சரி, இப்போ கால்குலேட்டரை எடுங்க.

பூமியின் சுழற்சி 158,22,37,500. அதிலிருந்து சூரியனின் 43,20,000-ஐக் கழியுங்க. ஒரு வருஷத்தில் பூமி நட்சத்திரத்தை வைத்துச் சுற்றும் எண்ணிக்கையைவிட சூரிய உதயம் ஒன்று குறைவு, அதனால் கழிக்கிறோம். கிடைப்பது 157,79,17,500. இதுதான் மகாயுகத்தில் உள்ள நாட்கள். இதை 43,20,000-ஆல் வகுத்தால் ஒரு வருஷம்: 365 நாள், 6 மணி, 12 நிமிஷம், 30 விநாடி. நம்ம பழைய அளவில் 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருஷ அளவு இன்றைக்கும் இதே எண்தான், ஒரு தற்பரைகூட மாறாமல்.

அடுத்து அமாவாசைக்கு அமாவாசை. சந்திரனின் 5,77,53,336-லிருந்து சூரியனின் 43,20,000-ஐக் கழித்தால் 5,34,33,336 சந்திர மாசம். நாட்களை இதனால் வகுங்க. 29 நாள், 12 மணி, 44 நிமிஷம், 2 விநாடி சொச்சம் வரும். இன்றைய வானியல் சொல்லும் அளவும் 29 நாள், 12 மணி, 44 நிமிஷம், 3 விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு மாசத்துக்கு ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை. தொலைநோக்கி இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கிரகணத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கணக்கு. சிலிர்க்கணும்னா இந்த இடத்தில்தான் சிலிர்க்கணும். 43,20,000 வழவழப்பாக இருக்கிறது, ஏன்னா அது மனுஷர் கணக்குக்குத் தோதாக அமைந்த எண். 5,77,53,336 கரடுமுரடாக இருக்கிறது, ஏன்னா அதை வானம் கொடுத்தது.

கலியின் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18, பழைய ஜூலியன் கணக்கில். அன்றைக்கு எல்லாக் கிரகமும் ஒரே புள்ளியில் கூடியிருந்தன என்று வைத்துக் கணக்கு ஆரம்பிக்கிறது. இன்றைய கணிப்பில் பின்னோக்கிப் பார்த்தால், அன்று அவை அப்படி ஒரே புள்ளியில் நிற்கவில்லை. அது கணக்கின் தொடக்கக் குறி, நாங்கள் சொன்ன சாக்பீஸ் குறி மாதிரி. இதைச் சொல்வதால் பக்திக்கு ஒரு குறைவும் இல்லை என்பது எங்கள் எண்ணம். மீட்டர் கம்பியில் பூஜ்யம் எங்கே போடுகிறோம் என்பது நம்ம வசதி. அளப்பது சரியா இருக்கா என்பதுதான் கேள்வி.

இந்தப் பெரிய எண் எப்படிச் சாதாரணப் பஞ்சாங்கக்காரர் கைக்கு வந்தது? அதையும் நம்ம தென்னாட்டு ஆட்கள்தான் செய்தார்கள். 157,79,17,500-ஐயும் 43,20,000-ஐயும் பொதுவாக 7,500-ஆல் சுருக்கலாம். சுருக்கினால் 576 வருஷத்துக்குச் சரியாக 2,10,389 நாள். பெரிய எண் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. சந்திரனுக்கும் இப்படி ஒரு சுருக்கம். பூமிக்குக் கிட்ட வருவது, எட்டப் போவது என்ற அதன் வேக மாற்றம் 248 நாளில் கிட்டத்தட்ட 9 தடவை, 3,031 நாளில் 110 தடவை முடியும். 3,031-ஐ 110-ஆல் வகுத்தால் வரும் 27.5545 நாள், இன்றைய அளவோடு அரை விநாடிக்குள் ஒத்துப்போகுது.

அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒரு சின்ன வாக்கியம். எழுத்துக்கு எண் என்ற முறையில், பாட்டு மாதிரி மனப்பாடம். அதனால்தான் வாக்கியப் பஞ்சாங்கம் என்று பேர் வந்தது. ஏடும் வேண்டாம், எழுதுகோலும் வேண்டாம். மனசில் வாக்கியம், தரையில் சோழி.

இதை வெளியூர்க்காரர் இரண்டு பேர் நேரில் பார்த்திருக்கிறார்கள். முதலாமவர் லே ஜந்தி, பிரெஞ்சு வானியலாளர். 1769 ஜூன் மாசம் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரியில் காத்திருந்தார். அன்றைக்கென்று மேகம் மூடிவிட்டது, பாவம். ஆனால் தமிழ்க் கணிதர்களிடம் அவர்கள் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் நம்மவர் கணக்கு 41 விநாடி குறைவு. அப்போது ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகம்.

இரண்டாமவர் ஜான் வாரன், படை அதிகாரி, மதராஸ் வானாய்வுக் கூடத்தைச் சில காலம் பார்த்துக்கொண்டவர். 1825-ல் காலசங்கலிதம் என்ற நூலை மதராஸில் வெளியிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாக்கியங்களை வைத்தே அந்த வருஷம் மே 31, ஜூன் 1 இரவு வரும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்தார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் 4 நிமிஷம் பிழை. நடு நேரத்தில் 23 நிமிஷம். விடும் நேரத்தில் 52 நிமிஷம்.

முதல் கதையை எல்லாரும் அனுப்புவாங்க. இரண்டாவது கதையை யாரும் அனுப்ப மாட்டாங்க. நமக்கு இரண்டும் வேணும். காகிதமே இல்லாமல் ஒரு கிரகணத்தை ஒரு மணி நேரத்துக்குள் பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை. அதே சமயம், ஒரு அளவுகோல் பல நூறு வருஷம் ஓடினால் தேயும் என்பதும் உண்மை. ஃபேக்டரியில் எந்த அளவுக் கருவியையும் குறிப்பிட்ட நாளுக்கு ஒரு முறை சரிபார்க்க அனுப்புவோம். அது கருவிக்கு அவமானம் இல்லை.

எவ்வளவு தேய்ந்தது? நட்சத்திரத்தை வைத்து அளக்கும் உண்மையான வருஷம் 365 நாள், 6 மணி, 9 நிமிஷம், 10 விநாடி. ஆரியபட்டர் அளவு 3 நிமிஷம் 20 விநாடி கூடுதல். வருஷத்துக்கு 200 விநாடி, கேட்டால் ஒன்றுமே இல்லை. 1,500 வருஷம் ஓடினால் மூன்றரை நாள். பருவ வருஷத்தோடு ஒப்பிட்டால் சுமார் 60 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். அவர் காலத்தில் சித்திரைப் பிறப்பு, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20, 21 பக்கத்தில் இருந்தது. இன்றைக்கு ஏப்ரல் 14. தென் மாவட்டங்களில் சித்திரை விசு என்கிறோமே, விசு என்ற சொல்லே பகலிரவு சமமான நாளைக் குறிக்கும் வார்த்தையிலிருந்து வந்தது. நாள் நகர்ந்துவிட்டது, பேர் மட்டும் அங்கேயே நிற்குது.

சனியிடம் இது இன்னும் நல்லாத் தெரியும். 157,79,17,500-ஐ 1,46,564-ஆல் வகுத்தால் சனி ஒரு சுற்று வர 10,766 நாள். இன்றைய அளவு 10,759 நாள். சுற்றுக்கு ஏழு நாள் வித்தியாசம். 1,500 வருஷத்தில் சனி ஏறக்குறைய 51 சுற்று. பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட ஒரு வருஷம்! 2023-ல் என்ன நடந்தது ஞாபகம் இருக்கா? திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது ஜனவரி 17. வாக்கியப்படி திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்தது டிசம்பர் 20. பதினோரு மாச இடைவெளி. ரெண்டுல எது நிஜம் என்று எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை வீட்டில் வாக்குவாதம்! வேறு திருத்தங்களும் இதில் கலந்திருக்கும். ஆனால் இந்த இடைவெளி யாருடைய சதியும் இல்லை, யாருடைய அறியாமையும் இல்லை, ஏழு நாள் சேர்ந்து சேர்ந்து வளர்ந்தது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு வகுத்தல் போதும்.

நம்ம பெரியவர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. கேரளத்தில் ஹரிதத்தர் கி.பி. 683-லேயே கிரக நிலைகளுக்குத் திருத்தம் கொடுத்தார். பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, 1431-ல் திருக்கணிதம் என்ற பேரிலேயே நூல் செய்தார். திருக் என்றால் கண், பார்வை. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போக வேண்டிய கணிதம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அதே வழியில் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டு அதற்காகப் பாடுபட்டார். மேகநாத சாஹா தலைமையில் இந்திய அரசு அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவும் 1955-ல் அறிக்கை கொடுத்தது. திருத்துவது நம்ம மரபுக்கு வெளியே இருந்து வந்ததில்லை, மரபே அதுதான்.

இங்கே சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் சேரும். தேக்காவில் வாங்கும் தினசரிக் காலண்டர் பலதும் இந்திய நேரத்துக்கு அச்சடித்தவை. அமாவாசை அங்கே ராத்திரி 10 மணிக்கு முடிந்தால் இங்கே நடுராத்திரி தாண்டி 12.30, அடுத்த தேதி ஆயிடும். திதி முடிவது உலகத்துக்கே ஒரே கணம், இரண்டரை மணி கூட்டினால் போதும். ராகுகாலம் அப்படி இல்லை, அந்தந்த ஊர் சூரிய உதயத்தைப் பொறுத்தது. ஆகவே விரத நாளில் குழப்பம் வந்தால் கோயில் அறிவிப்புப் பலகையைப் பாருங்க, இல்லேன்னா குருக்களைக் கேளுங்க. ஒரே கோயிலில் எல்லாரும் ஒரே நாளில் கூடிக் கும்பிடுவதுதான் நமக்கு அழகு. வாக்கியமா திருக்கணிதமா என்று கோயில் வாசலில் குரலை உயர்த்திப் பேசினால், கேட்டுக்கொண்டு நிற்பது நம்ம பிள்ளைகள்தான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். இந்த எண்ணைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வகுத்துப் பாருங்க. பிள்ளை கேலி செய்தால் கோபப்படாதீங்க. கால்குலேட்டரைக் கையில் கொடுத்து, 157,79,17,500-ஐ 5,34,33,336-ஆல் வகுக்கச் சொல்லுங்க. வந்த விடையை இன்றைய வானியல் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்க. அது எந்த வருஷத்துக் கணக்கு என்று அதற்கப்புறம் சொல்லுங்க. மீதியைப் பிள்ளையே யோசிச்சுக்கும்.

அடுத்த தடவை சங்கல்பத்துக்குக் கைகூப்பி நிற்கும்போது, குருக்கள் சொல்லும் அந்தச் சில வார்த்தைகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. சோழி பரப்பி, வாக்கியம் முணுமுணுத்து, கிரகணத்துக்காக ராக்கண் விழித்திருந்த அத்தனை பேருடைய உழைப்பு அதில் இருக்கு.

எல்லாருக்கும் அம்பாள் துணை இருக்கட்டும். கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்த வரை சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

திருச்சிற்றம்பலம். 🙏